தண்ணீருக்கு அடியில் ஒரு கேமரா

அக்கா மகன் ஒருநாள் என்னிடமிருந்து பழைய படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனான். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். நான் படம் எடுத்த காலத்தில் குளத்தில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. நடுவில் மைய மண்டபம், அதைச் சுற்றி மரங்கள், முன்னால் காய்ந்த தரையில் ஒரே நேரத்தில் மூன்று கிரிக்கெட் ஆட்டம். தெப்பத் திருவிழாவை ஒட்டித்தான் அப்போதெல்லாம் தண்ணீர் விடுவார்கள். மற்ற நாளில் அது எங்களுக்கு மைதானம். அந்தப் படத்தில் தண்ணீரை நிரப்பி, தைப்பூச நிலாவையும் ஏற்றி, அம்மாச்சிக்கு ஃபிரேம் போட்டுத் தரப்போகிறேன் என்றான்.

இரண்டே நாளில் முடித்துவிட்டான். பந்து வீசிக்கொண்டிருந்த பையன்களைக் காணோம். அவர்கள் நின்ற இடத்தில் கருநீலத் தண்ணீர். அதில் தலைகீழாக மண்டபம், மரங்கள், மண்டபக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த நிலா. எனக்குக் குறையே தெரியவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“எல்லாம் நல்லாத்தாண்டா இருக்கு. ஆனா குளம் படுக்க மாட்டேங்குது. எந்திரிச்சு நிக்குது.”

பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அலை கம்மியாப் போட்டுட்டேன் போல மாமா” என்று மறுபடி உட்கார்ந்தான். அலையைக் கூட்டினான், மங்கலைக் கூட்டினான். குளம் நின்றுகொண்டேதான் இருந்தது.

அவன் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஃபோட்டோஷாப், கிம்ப், ஃபோனில் இருக்கும் செயலிகள் எதிலும் வழி ஒன்றே. தண்ணீர்க் கோட்டுக்கு மேலே உள்ள படத்தை நகலெடுத்து இன்னொரு லேயராக வை. அதைத் தலைகீழாகப் புரட்டு. கீழே இறக்கி ஒட்டு. கொஞ்சம் இருட்டாக்கு, கொஞ்சம் நெளியவிடு. ஐந்து நிமிட வேலை. இதில் எங்கே தப்பு?

நகலெடுக்கிற இடத்திலேயே. நீர்ப் பிம்பம் நம் படத்தின் நகல் அல்ல. அது அதே காட்சியை வேறோர் இடத்திலிருந்து எடுத்த இன்னொரு படம்.

கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். காய்க்குக் குறுக்கே வேறு காய் நிற்கிறது, நேராக அடிக்க முடியாது. பக்கக் கட்டையில் ஸ்ட்ரைக்கரை மோதவிட்டுத் திருப்பி அடிக்க வேண்டும். கட்டையில் எந்த இடத்தைக் குறி பார்ப்பது? தேர்ந்த ஆட்டக்காரர் கட்டையையே ஒரு கண்ணாடியாக வைத்துக்கொள்வார். காய் கட்டைக்கு இந்தப் பக்கம் நாலு விரல் தள்ளி இருந்தால், கட்டைக்கு அந்தப் பக்கமும் நாலு விரல் தள்ளி ஒரு பொய்க் காய் இருப்பதாக எண்ணி, அதை நோக்கி நேராக அடிப்பார். கட்டை ஸ்ட்ரைக்கரைத் திருப்பி உண்மைக் காயிடம் அனுப்பிவிடும். ஒளியும் இப்படித்தான். வந்த சாய்விலேயே திரும்பும். இது அலெக்சாந்திரியாவின் ஹீரோன் இருபது நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த சங்கதி.

இப்போது கேரம் பலகையைக் குளமாக்குங்கள். கோபுரத்திலிருந்து கிளம்பிய ஒளி தண்ணீரில் பட்டு என் கேமராவுக்கு வருகிறது. தண்ணீர்தான் கட்டை. அப்படியானால் அந்த ஒளி, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பொய்க் கேமராவை நோக்கி நேராகப் போகிறது என்றும் சொல்லலாம். என் கேமரா நீர்மட்டத்துக்கு மேலே 15 அடியில் இருந்தால், அது நீர்மட்டத்துக்குக் கீழே 15 அடியில், எனக்கு நேர் கீழே இருக்கும். தண்ணீரையும் தரையையும் மறந்துவிட்டு அந்த இடத்திலிருந்து அண்ணாந்து ஒரு படம் எடுத்து, அதைத் தலைகீழாக்கினால் கிடைப்பதுதான் நீர்ப் பிம்பம். இதை ‘நீரடிக் கேமரா’ என்று வைத்துக்கொள்வோம்.

30 அடி கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால் ஒரு கட்டடம் அதே மாதிரியா தெரியும்? மண்டபத்தின் கொடுங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கூரை விளிம்பிலிருந்து வெளியே வளைந்து இறங்குகிற அந்தக் கல் இறவாணத்தைக் கரையிலிருந்து பார்க்கும்போது அதன் வெளிமுகம் நன்றாகத் தெரிகிறது. நீரடிக் கேமராவுக்கோ அதன் அடிப்பக்கம்தான் கூடுதலாகத் தெரியும். பாலத்தின் வயிறு, படகு முனையின் அடிப்பலகை, தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையில் இலைகளின் பின்புறம், எல்லாம் இப்படித்தான். நேரில் நமக்குத் தெரியாததைத் தண்ணீர் காட்டும். புரட்டிய நகலில் இது இருக்க வழியே இல்லை. படத்தில் பதிவாகாத ஒன்றை எந்த மென்பொருளும் அதிலிருந்து புரட்டி எடுக்க முடியாது.

இன்னொன்று மறைப்பு. சோதித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மேசை மேல் படுக்க வையுங்கள். அதன் நடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்கு ஒரு முழம் பின்னால், அதைவிட உயரமான தண்ணீர் பாட்டில். இப்போது கன்னத்தை மேசைப் பக்கமாகத் தாழ்த்தி, டம்ளருக்கு மேலே பாட்டிலின் மூடி எட்டிப் பார்க்கிற உயரத்தில் நிறுத்துங்கள். அப்படியே கண்ணாடிக்குள் பாருங்கள். உள்ளே தலைகீழ் டம்ளர் இருக்கிறது. பாட்டில் மூடியைக் காணோம், டம்ளருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டது. நான் இதைச் செய்து காட்டியபோது பையன் டம்ளரை இரண்டு தடவை நகர்த்திப் பார்த்து, கடைசியில் கண்ணாடியைத் தூக்கி அடியிலும் பார்த்தான்.

கீழேயிருந்து பார்க்கும்போது பக்கத்தில் உள்ள பொருள் ஓங்கி நிற்கும், தூரத்தில் உள்ளது அதன் பின்னால் பதுங்கும். சின்ன வயதில் அப்பாவுக்குப் பின்னால் நின்று தேர் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோளில் ஏறினால் தேர், இறங்கினால் முதுகு.

சரி, இதைக் கணினியில் எப்படிக் கொண்டுவருவது? ஒரு எளிய விதி கைகொடுக்கும். கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்த படத்தில் ஒவ்வொரு பொருளும் தன் காலடியில்தான் மடிகிறது. மண்டபத்தின் உச்சிக்கும் அதன் பிம்பத்தின் உச்சிக்கும் நடுப்புள்ளி எதுவென்று பார்த்தால், மண்டபத்துக்கு நேர் கீழே நீர்மட்டம் வரும் இடம். அதற்குப் பின்னால் எதிர்க்கரையில் உள்ள வீட்டுக்கு நடுப்புள்ளி இன்னும் சற்று மேலே, தொடுவானத்துக்கு நெருக்கமாக. நிலாவுக்கு நடுப்புள்ளி தொடுவானமேதான். புரட்டிய நகலில் எல்லாவற்றுக்கும் ஒரே மடிப்பு. தாளை நடுவில் மடித்தது போல மண்டபம், மரம், வீடு, நிலா எல்லாம் ஒரே கோட்டில் மடிந்துவிடுகின்றன. ஒரே கோட்டில் மடிகிற பொருள்களெல்லாம் ஒரே தூரத்தில் இருக்கின்றன என்று கண் கணக்குப் போட்டுவிடுகிறது. ஒரே தூரத்தில் இருப்பது சுவர்தானே. குளம் எழுந்து நின்றது இதனால்தான். அம்மா பள்ளிக்கூடத்தில் ஒளியியல் படித்ததில்லை. ஐம்பது வருடம் அந்தக் கரையில் நடந்திருக்கிறாள்.

எனவே வேலை தெரிந்தவர்கள் படத்தை முழுதாகப் புரட்டுவதில்லை. முன்னால் இருப்பதைத் தனி லேயராகவும், நடுவில் இருப்பதைத் தனியாகவும், தூரத்து மலையையும் வானத்தையும் தனியாகவும் வெட்டி, ஒவ்வொன்றையும் அதனதன் காலடியில் புரட்டி வைக்கிறார்கள். காலடி என்பது தரை தொடும் இடமல்ல, நீர்மட்டம். கரையிலிருந்து உள்ளே தள்ளி மேட்டில் நிற்கிற மரத்துக்கு, தண்ணீர் மட்டத்தை மண்ணுக்கு அடியில் அதுவரை நீட்டிக் கற்பனை செய்ய வேண்டும். அப்போது மரத்தின் பிம்பத்தில் அடிப்பகுதி கரைக்குப் பின்னால் மறைந்து, நுனி மட்டும் தெரியும். நிஜக் குளத்திலும் அப்படித்தான். வெட்டி ஒட்டும் இந்த வேலையில் விடுபடும் துண்டுகளையும், தெரிய வேண்டிய அடிப்பக்கங்களையும் கையால் வரைந்துதான் நிரப்ப வேண்டும். சலிப்பூட்டும் வேலை, மறுக்கவில்லை.

புரட்டல் பொருந்துகிற இடமும் உண்டு. கேமரா நீர்மட்டத்தை ஒட்டியே இருந்தால் நீரடிக் கேமராவும் அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டு படத்துக்கும் வித்தியாசமே இராது. மழை பெய்த மறுநாள் சாலையோரக் குட்டையில் ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி படமெடுக்கிறார்களே, அவர்களுக்குக் கிடைக்கும் பிம்பம் மேலே உள்ளதன் அச்சு அசலாக இருப்பது இதனால்தான். அதேபோல், எல்லாமே வெகு தூரத்தில் இருக்கும் மலைக் காட்சியில் 5 அடி, 10 அடி எல்லாம் கணக்கிலேயே வராது.

வீடியோ கேம் செய்பவர்கள் இந்தச் சிக்கலை நன்கு அறிந்தவர்கள். ஏரி வருகிற காட்சியில், கணினிக்குள்ளேயே ஒரு நீரடிக் கேமராவை வைத்து முழுக் காட்சியையும் இரண்டாம் முறை வரைவது ஒரு வழி. துல்லியமானது, ஆனால் வேலை ஏறக்குறைய இரட்டிப்பு. அதனால் பல விளையாட்டுகள் திரையில் ஏற்கெனவே வரைந்து வைத்த படத்திலிருந்தே பிம்பத்துக்கான நிறத்தைத் தேடி எடுத்துக்கொள்கின்றன. ‘திரைவெளிப் பிரதிபலிப்பு’ எனலாம். விளையாடும்போது கேமராவை மெல்லக் கீழே திருப்பிப் பாருங்கள். மலை உச்சி திரையை விட்டு மேலே போனதும் தண்ணீரில் அதன் பிம்பமும் அழிந்துவிடும். என் மருமகனின் குளத்துக்கு வந்த அதே நோய், கோடிக்கணக்கில் செலவழித்த விளையாட்டுக்கும்.

பொய்ப் படத்தைப் பிடிப்பவர்களும் இந்த வடிவியலைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஹானி ஃபரீத், ஜேம்ஸ் ஓ’பிரையன் இருவரும் 2012-இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். பொருளின் ஒரு புள்ளியையும் பிம்பத்தில் அதே புள்ளியையும் கோட்டால் இணை. இப்படிப் பல கோடுகள் போடு. உண்மைப் படமென்றால் எல்லாக் கோடுகளும் நீண்டு ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும், அல்லது இணையாகப் போக வேண்டும். ஒன்றிரண்டு கோடுகள் முரண்டு பிடித்தால் ஏதோ ஒட்டு வேலை நடந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் எங்கள் தெப்பக்குளப் படம் இந்தச் சோதனையில் தேறிவிடும். புரட்டிய படத்தில் கோடுகள் எல்லாம் செங்குத்தாக, இணையாகத்தான் இருக்கும். காலடியைப் பார்த்தால்தான் மாட்டிக்கொள்ளும்.

வடிவம் போகட்டும், வெளிச்சத்துக்கு வருவோம். பையன் பிம்பத்தை முழுவதும் ஒரே அளவாக இருட்டாக்கியிருந்தான். கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு அது ஒப்பாது. நேர் கீழே பார்த்தால் தெளிந்த தண்ணீரில் அடித்தரை தெரியும். தூரத்துக் கண்மாயைப் பார்த்தால் தண்ணீரே தெரியாது, வானம்தான் கிடக்கும். தண்ணீர் மேல் செங்குத்தாக விழும் ஒளியில் திரும்பி வருவது 100-க்கு 2 பங்குதான். மிச்சம் உள்ளே போய்விடுகிறது. செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்து விழும்போது திரும்புவது 6 பங்கு. 80 டிகிரியில் 35. தண்ணீரை உரசிக்கொண்டு போகிற ஒளி கிட்டத்தட்ட முழுவதுமே திரும்பிவிடும். ஏரியில் தட்டையான கல்லைச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகும், செங்குத்தாகப் போட்டால் முழுகிவிடும். இயற்பியல் வேறுதான், ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள நல்ல படம்.

இந்தக் கணக்கைப் போட்டவர் அகஸ்டின் ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர், 1820-களில். சாலை போடும் பொறியாளர். கலங்கரை விளக்குக்கு வளையம் வளையமாக லென்ஸ் செய்து தந்தவரும் அவர்தான். 39 வயதில் காசநோயில் இறந்துபோனார். ஒளி ‘ஈதர்’ என்ற ஊடகத்தில் பரவும் அதிர்வு என்று நம்பி அவர் சூத்திரம் எழுதினார். ஈதர் பின்னால் பொய்யாகிவிட்டது. சூத்திரத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இன்றைய கணினி வரைகலையிலும் தண்ணீர் என்றாலே ஃபிரெனெல்தான்.

அவர் சொன்னதைக் கண்ணால் சரிபார்க்கவும் வழி உண்டு. ஃபிரெனெலுக்கு முன்பே, 1808-இல் பாரிஸில் எத்தியென் மலூஸ், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் மின்னிய மாலை வெயிலைக் கால்சைட் படிகம் ஒன்றின் வழியாகப் பார்த்தார். படிகத்தைச் சுழற்றச் சுழற்ற அதில் தெரிந்த பிம்பங்களின் பிரகாசம் கூடிக் குறைந்தது. எதிரொளித்த ஒளி ஒரே திசையில் அதிர்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. பாடப் புத்தகத்தில் இதைத் தளவிளைவு என்பார்கள். தண்ணீரில் செங்குத்திலிருந்து 53 டிகிரி சாய்வில் இது முழுமை பெறுகிறது. போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் போட்டுக்கொண்டு குளத்தங்கரையில் நின்று தலையைத் தோள்பக்கமாகச் சாயுங்கள். நேராக இருக்கும்போது அணைந்த பளபளப்பு, சாய்த்தால் திரும்பி வரும். பக்கத்தில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

படத்தில் இதைக் கொண்டுவர, பிம்ப லேயர் மேல் ஒரு சாய்நிற மறைப்பு போட வேண்டும். எதிர்க்கரை ஓரம் பிம்பம் திடமாக, நம் காலடிக்கு வர வர மங்கி, தண்ணீரின் சொந்த நிறம் மேலே வர வேண்டும். தெப்பக்குளத்தில் அது பாசிப்பச்சை. இதில் ஒரு நுணுக்கம்: சொந்த நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரியாது. வெளுத்த வானம் விழும் இடத்தில் அந்த வெளிச்சம் பச்சையை அமுக்கிவிடும். மரத்தின் கருநிழல் விழும் இடத்தில்தான் பச்சை வெளிப்படும். எனவே நிஜப் பிம்பத்தில் கறுப்பு முழுக் கறுப்பாக இருப்பதில்லை. பையனின் படத்திலோ மரங்கள் தார் ஊற்றியது போலிருந்தன. எது எப்படி இருந்தாலும் வானத்தைவிட வானத்தின் பிம்பம் பிரகாசமாக இருக்கவே கூடாது. வானத்தை மட்டும் இருட்டாக்கும் ஃபில்டரை மாட்டி எடுத்த எத்தனையோ அழகான ஏரிப் படங்கள் இதில் கோட்டை விடுகின்றன. ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் நாள்காட்டிப் படங்களைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியாது.

அலைக்கு வருவோம். அசையாத தண்ணீர் ஒரு பெரிய கண்ணாடி. காற்றடித்த தண்ணீர், திசைக்கொன்றாகச் சாய்ந்த ஆயிரமாயிரம் சின்னக் கண்ணாடிகள். அப்படியானால் பிம்பம் எல்லாப் பக்கமும் சமமாகக் கலங்க வேண்டாமா? இல்லை. இரவில் குளத்துக்கு அந்தப் பக்கம் எரியும் ஒற்றைத் தெருவிளக்கு, தண்ணீரில் நம்மை நோக்கி நீளும் தூணாகத்தான் விழுகிறது. பக்கவாட்டில் பரவுவதில்லை. ஒரு கைக்கண்ணாடியைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாகப் பிடித்து, எதிரே உள்ள ஜன்னலை அதில் பாருங்கள். கண்ணாடியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டினால் ஜன்னல் மேலும் கீழும் ஓடும். அதே அளவு இடம் வலமாக ஆட்டினால் அதிகம் நகராது. தண்ணீரைப் 10 டிகிரி தாழ்வாகப் பார்க்கும்போது பக்கவாட்டு நகர்வு, மேல்கீழ் நகர்வில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

இந்தச் சிதறலை வைத்துக் கடலையே அளந்திருக்கிறார்கள். சார்லஸ் காக்ஸ், வால்டர் மங்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், விமானத்திலிருந்து கடல்மேல் சூரியன் தெறிப்பதைப் படமெடுத்து, தெறிப்பு பரவிய அகலத்திலிருந்து அலைகளின் சாய்வையும், காற்று கூடினால் அது எவ்வளவு கூடுகிறது என்பதையும் கணக்கிட்டு 1954-இல் வெளியிட்டார்கள். அந்தக் கணக்கு இன்றும் செயற்கைக்கோள் படங்களில் சூரியத் தெறிப்பைக் கழிக்கப் பயன்படுகிறது.

பையன் போட்டிருந்தது எல்லாத் திசையிலும் சமமாக மங்கலாக்கும் ஃபில்டர். அதை எடுத்துவிட்டு, செங்குத்தாக மட்டும் இழுக்கும் நகர்வு மங்கலை 90 டிகிரியில் போடச் சொன்னேன். நெளிவுக்கு ஒரு ‘நகர்த்தல் வரைபடம்’. கறுப்பு வெள்ளையில் அலைபோல வரைந்த இன்னொரு படம் அது. அதில் நடுச் சாம்பல் இருக்கும் இடத்தில் பிம்பம் அசையாது, வெளுத்த இடத்தில் ஒரு பக்கம் தள்ளும், கறுத்த இடத்தில் எதிர்ப்பக்கம் தள்ளும். அந்த வரைபடத்தையும் முன்பக்கம் அகலமாக, தூரத்தில் நெருங்கி மெல்லிய கோடுகளாகும்படி சாய்த்துவைக்க வேண்டும். தூரத்து அலையும் பக்கத்து அலையும் ஒரே அகலத்தில் இருந்தால், குளம் மறுபடி எழுந்து நின்றுவிடும்.

கடைசியில் பாக்கி நிலா. கணக்குக்காக மண்டபக் கோபுரம் நீர்மட்டத்திலிருந்து 60 அடி, நாம் நிற்கும் கரையிலிருந்து 400 அடி தூரம், கேமரா 15 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நேரில் கோபுர உச்சி தொடுவானத்துக்கு மேலே சுமார் 6½ டிகிரியில் தெரியும். நீரடிக் கேமராவுக்கு அதே உச்சி சுமார் 10½ டிகிரி. நிலா மட்டும் எங்கிருந்து பார்த்தாலும் அதே உயரத்தில்தான் இருக்கும், அவ்வளவு தொலைவு அது. அப்படியானால் கோபுரத்துக்கு நேர் பின்னால் நிலா 9 டிகிரியில் இருக்கும்போது, வானத்தில் கோபுரத்துக்கு மேலே ஜொலிக்கும். தண்ணீரில் இருக்காது. இடைவெளி 4 டிகிரி, அதாவது முழு நிலாவை எட்டு தடவை அடுக்கி வைக்கும் இடம். நிலா மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி நகர்கிறது. மதுரையில் அநேகமாகச் செங்குத்தாகவே ஏறும். ஆகக் கால் மணி நேரம், மேலே ஒரு நிலா, கீழே ஒன்றும் இல்லை.

பையன் நம்பவில்லை. இப்போதெல்லாம் வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்தே கிடக்கிறது. அடுத்த பௌர்ணமியன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போனோம். சுண்டலும் கையுமாகக் கூட்டம். மண்டபத்துக்குப் பின்னாலிருந்து நிலா கிளம்பிக் கோபுர நுனியைத் தாண்டியது. தண்ணீரில் கோபுரத்தின் கறுப்பு உருவம் மட்டும், அதன் இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெள்ளிப் பொடி. பையன் ஃபோனை எடுக்கவில்லை. படியில் இரண்டு படி இறங்கினான். குனிந்தான். இன்னும் இரண்டு படி.

“மாமா, வருது” என்றான் கீழேயிருந்து. “நுனி தெரியுது.”

அம்மா கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் வரவில்லை.